"நம்மட வீட்டில நடக்கிறதைப் படிக்க நாலு வருசமா?"

கேள்வி:

வணக்கம் மிஸ். நான் திருக்கோவில் பக்கம். உயர்தரத்தில் கலைப்பிரிவில் தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம் செய்தேன். பெறுபேறு நல்லது, பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று எங்கள் சேர் சொல்கிறார். எனக்குச் சமூகவியல் படிக்க ஆசை. குடும்பம், குற்றம், தொழில் எல்லாம் அதில் பாடமாக வரும் என்று ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா ஒருவர் சொன்னார். அப்பாவிடம் சொன்னபோது, "நம்மட வீட்டில நடக்கிறதைப் படிக்க நாலு வருசமா? மறுகா அதால என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்பா வெள்ளாமை செய்கிறவர். உரம் கிடைக்காத அந்த வருசம் பெரும்போகத்தில் பட்ட கடனுக்காக அம்மா குவைத்துக்குப் போனா, இன்னும் அங்கேதான். அண்ணா போன வருசம் ஐஸ் போதைப்பொருள் கேசில் பிடிபட்டு விளக்கமறியலில் இருந்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு ஊரில் எங்களைப் பார்க்கிற பார்வையே வேறு. தம்பி தரம் 7 படிக்கிறான். "வீடு இருக்குத்தானே, மாப்பிள்ளை பார்ப்பம்" என்று மாமி சொல்கிறா. வீடு சுனாமி வீடு, அப்பாவின் பெயரில். இப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டு நான் வகுப்பில் போய்க் குற்றத்தைப் பற்றிப் படிக்க முடியுமா? படித்தால் வேலை கிடைக்குமா? பெயர் போட வேண்டாம்.

வாசகி, அம்பாறை மாவட்டம்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

படியுங்கள். நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் அதுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் அப்பாவிடம் போய்ச் சொல்ல உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அப்பா கேட்டது லேசான கேள்வியும் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிற மனிதருக்கு வீட்டைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது? சமூகவியல் கற்பிக்கிற நாங்கள் ஒவ்வொரு வருடமும் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசியுங்கள், முடிந்தால் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. வீடு சுனாமி வீடு, அப்பாவின் பெயரில். அந்த வரியை வைத்தே குடும்பம் என்ற பாடத்தில் பாதியை நடத்திவிடலாம்.

நம் கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. தமிழர் என்றாலும் முஸ்லிம்கள் என்றாலும், கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்காகத் தாயும் தகப்பனும் இன்னொரு வளவில் அத்திவாரம் போடத் தொடங்குவார்கள். குடி என்கிற வம்சப் பிரிவும் தாய்வழியாகவே வரும். கோயிலில் திருவிழா முறை, பள்ளிவாசலில் மரைக்கார் என்ற நிர்வாகப் பொறுப்பு என்று பல ஊர்களில் இன்னும் அந்தக் குடிவழியில்தான் காரியங்கள் நடக்கின்றன. இதெல்லாம் உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றில் ஆய்வைத் தொடங்கி, பல பத்தாண்டுகள் இதைப் பற்றியே எழுதினார். தென்னாசியாவில் பெரும்பாலான இடங்களில் பெண்தான் பிறந்த வீட்டை விட்டுப் போகிறாள், இங்கே ஆண் போகிறான் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அவருடைய ஆய்வைப் படிக்கும்போதுதான் என்னிடம் வரும் பல பிள்ளைகளுக்கு உறைக்கிறது.

சரி, 2004 டிசம்பர் 26க்கு வருவோம். இலங்கையில் சுனாமிக்கு அதிக உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். பிறகு நிவாரண வீடுகள் வந்தன. பயனாளிகள் பட்டியலைக் குடும்பத் தலைவரின் பெயரில்தான் தயாரித்தார்கள். குடும்பத் தலைவர் என்றால் கணவர் பெயரை எழுதுவது நிர்வாகத்தின் பழக்கம். கடல் கொண்டுபோன வீடு மனைவிக்குச் சீதனமாக வந்ததாக இருந்தாலும், அதற்குப் பதிலாகக் கிடைத்த வீடு பல இடங்களில் கணவன் பெயரில் வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்த காரியம் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கையில் இருந்த சொத்து, ஒரு படிவத்தின் வழியாக ஆண்களின் கைக்கு மாறியது. ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் இதை அப்போதே எடுத்துச் சொன்னார்கள்.

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். சுனாமிக்கு முன் இருந்த வீடு யாருடைய பெயரில் இருந்தது? அம்மம்மாவின் வீடு யாருக்குப் போனது? அவருக்குப் பதில் தெரியும். ஆனால் இந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தில் ஏன் தன் பெயர் வந்தது என்பதற்கான காரணம் அவருடைய வீட்டுக்குள் இல்லை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருந்த ஒரு படிவத்தில் இருக்கிறது, அந்தப் படிவத்தை வரைந்தவர்கள் குடும்பம் என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்ததில் இருக்கிறது. வீட்டில் நடக்கிறது வீட்டுக்காரருக்குத் தெரியும்தான், ஆனால் வீட்டுக்கு வெளியே இருந்து அதை நடத்துகிற விசயங்களைத் தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும். நாலு வருடம் அதற்குத்தான்.

தொழில் என்ற பாடமும் அப்படித்தான். நம் பக்கத்தில் வெள்ளாமைத் தொழிலைப் பற்றிப் பேசினால் காணிக்காரரான போடியார், அவருடைய வயலைச் செய்கிற முல்லைக்காரர், வயல் தண்ணீரைப் பார்க்கிற வட்டை விதானை என்று ஒரு பழைய ஒழுங்கே வரும். அது எப்படிக் குலைந்தது, கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் வந்தபோது தண்ணீரும் காணியும் யார் கைக்குப் போயின, அறுவடை மெசின் வந்த பிறகு கதிர் வெட்டப் போன கூலிப் பெண்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் தொழிற் சமூகவியல்தான். மருதமுனைக் கைத்தறி நெசவைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்கலாம். ஆனால் உங்கள் விசயத்தில் நான் அம்மாவின் பயணத்தையே எடுத்துக்கொள்வேன்.

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. உங்கள் அப்பா போட்ட கணக்குப் பிழைத்தது அவருடைய கவனக்குறைவால் இல்லை, நாடு முழுவதும் வெள்ளாமைக்காரர்களுக்கு ஒரே நேரத்தில் பிழைத்தது. ஒரு ஊரில் ஒருவருக்கு வேலை போனால் அது அவருடைய சொந்தக் கஷ்டம். பெருந்தொகையானவர்களுக்கு ஒன்றாகப் போனால் அது நாட்டின் அமைப்பில் இருக்கிற பிரச்சினை, அதை ஒவ்வொருவருடைய குணத்திலும் தேடக்கூடாது. சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959இல் சொன்ன கருத்து இது. சமூகவியல் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிக்கொடுப்போம். கடன்பட்ட ஒரு தகப்பனுக்கு இதில் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

பிறகு அம்மா போனார். போவதற்கு முன் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றுக்காக அலைந்திருப்பார். 2013இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். 2022இல் அந்த வயதை 2 ஆகக் குறைத்தார்கள். நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடம் அது. 2013இல் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், 2022இல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இடையில் பிள்ளைகளின் தேவை மாறவில்லை, நாட்டின் கணக்கு மாறியது. தகப்பன் வெளிநாடு போக இப்படி ஓர் அறிக்கையை யாரும் கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மா அனுப்புகிற காசு வங்கிப் புத்தகத்தில் தெரியும். அம்மா விட்டுப்போன வேலை எங்கே தெரிகிறது? தம்பிக்குச் சோறு போடுவது, உடுப்புத் துவைப்பது, பாடசாலைக் கூட்டத்துக்குப் போவது. கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவற்றை நீங்கள்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டு வேலையையும் ஒரு தொழிலாகவே எடுத்து ஆராய வேண்டும் என்று ஆன் ஓக்லி என்ற பிரித்தானியச் சமூகவியலாளர் 1970களில் எடுத்துக் காட்டினார். அம்மா குவைத்தில் இன்னொருவரின் பிள்ளையை வளர்க்க, அவருடைய பிள்ளையை நீங்கள் வளர்க்கிறீர்கள். நாடு விட்டு நாடு இப்படிக் கைமாறிப் போகிற பராமரிப்பை ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சங்கிலியாகப் பார்க்கச் சொன்னார். அதன் ஒரு முனையில் இருப்பது நீங்கள்.

இனி, நீங்கள் எழுதத் தயங்கி எழுதிய இடம்.

உங்கள் கடிதத்தை வாசிக்கும் எவருக்கும் ஒரு கதை தானாகவே மனதில் ஓடும். உரம் இல்லை, அதனால் கடன், அதனால் அம்மா குவைத், அதனால் அண்ணா ஐஸ். ஊரும் இதைத்தான் சொல்லும், "தாய் இல்லாத வீடு, பிள்ளை கெட்டுப் போச்சு" என்று. பரீட்சையில் ஒரு பிள்ளை இப்படி எழுதிக் கொடுத்தால் நான் புள்ளியைக் குறைப்பேன். உங்கள் குடும்பத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. இந்தக் கதை இவ்வளவு இலகுவாகப் பொருந்துவதே அதைச் சந்தேகிக்கப் போதுமான காரணம்.

உங்கள் ஊரிலேயே தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளை எடுங்கள். அவற்றில் எத்தனை வீட்டுப் பையன்கள் போதைப்பொருள் பக்கமே போகாமல் படிக்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள், கடையில் நிற்கிறார்கள்? பிறகு தாய் வீட்டிலேயே இருக்கும் வீடுகளையும் எடுங்கள். அங்கே பிடிபட்டவர்கள் இல்லையா? இந்த நான்கு வகை வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கும் வரை தாய் போனதுதான் காரணம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஊர், தாய் வெளிநாட்டில் இருந்து பிள்ளை பிடிபட்ட வீடு என்ற ஒரு வகையை மட்டும் பார்க்கிறது. மற்ற மூன்று வகையும் எங்கே என்று கேட்கப் பழக்குவதுதான் ஆய்வு முறையியல் என்ற பாடம். பிள்ளைகள் அதிகம் பயப்படுவதும் அந்தப் பாடத்துக்குத்தான். மாதிரி எடுப்பது, வினாக்கொத்துத் தயாரிப்பது, அட்டவணை போடுவது, கொஞ்சம் புள்ளிவிபரவியல். கோட்பாடுகளை மனப்பாடம் செய்துகொண்டு இதில் மட்டும் தப்பினால் போதும் என்று இருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். சமூகவியலின் பலமே அங்கேதான் இருக்கிறது.

குற்றத்தைப் பற்றிய பாடத்தில் சமூகவியலாளர்கள் பல பேர் பல விதமாகச் சொல்லியிருப்பதைப் படிப்பீர்கள். குற்றம் செய்யும் முறையையும் அதை நியாயப்படுத்தும் பேச்சையும் நெருங்கிப் பழகுபவர்களிடமிருந்துதான் ஒருவர் கற்றுக்கொள்கிறார் என்று எட்வின் சதர்லாண்ட் சொன்னார். ட்ரேவிஸ் ஹேர்ஷி 1969இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார் என்று கேட்காமல், பெரும்பாலானவர்கள் ஏன் செய்யாமல் இருக்கிறார்கள் என்று கேட்டார். வீடு, பாடசாலை, தொழில் என்று ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிற கட்டுகள் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னார். ஹவார்ட் பெக்கர் 1963இல் வேறு பக்கம் போனார். ஒரு செயலைச் செய்ததைவிட, செய்தவன் என்று ஊர் பெயர் வைத்த பிறகு அவனுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தார். பெயர் வைத்தபின் வேலை தர மாட்டார்கள், கூட்டாளிமார் விலகுவார்கள், கடைசியில் அவனை ஏற்றுக்கொள்கிற இடம் அதே பெயர் வாங்கிய மற்றவர்களின் கூட்டம் மட்டும்தான்.

உங்கள் அண்ணா விளக்கமறியலில் இருந்து வந்தவர். விளக்கமறியல் என்றால் வழக்கு விசாரணையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம், குற்றவாளி என்று தீர்ந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. ஆனால் ஊர் தன் தீர்ப்பை எழுதிவிட்டது, உங்களையும் சேர்த்து எழுதிவிட்டது. அவருக்கு இப்போது தினமும் போய்வர ஒரு வேலை கிடைக்குமா என்பதுதான், பெக்கர் சொன்னதை வைத்துப் பார்த்தாலும் ஹேர்ஷி சொன்னதை வைத்துப் பார்த்தாலும், வீட்டில் எல்லோரும் யோசிக்க வேண்டிய முதல் விசயம். போதைப் பழக்கமும் இருந்தால் அதை மறைத்து வைக்காமல் அரச ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அது மருத்துவர்கள் பார்க்க வேண்டியது. சமூகவியல் படித்த தங்கையால் தீர்க்கக்கூடிய விசயம் இல்லை, அந்தப் பாரத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் அந்தப் பாடத்தில் படிப்பீர்கள். குற்றம் என்றாலே ஏழை வீட்டுப் பையன்களின் முகம்தான் நம் மனதில் வருகிறது. சதர்லாண்ட் 1939இல், உடுப்புக் கசங்காமல் அலுவலக மேசையில் இருந்து செய்கிற குற்றங்களை ஏன் யாரும் எண்ணுவதில்லை என்று கேட்டார். 2023 நவம்பரில் நம் உயர் நீதிமன்றம், நாட்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பாக இருந்த உயர்பதவிக்காரர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. அது அடிப்படை உரிமை வழக்கு, குற்றவியல் வழக்கு இல்லை. பொலிஸ் புள்ளிவிபரத்தில் அது ஒரு குற்றமாகவும் ஏறாது. சில கிராம் ஐசுடன் பிடிபட்ட பையன் ஏறுவான். ஐஸ் தீங்கில்லாதது என்று நான் சொல்லவே மாட்டேன், அது நம் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆனால் எது எண்ணப்படுகிறது, எது எண்ணப்படாமல் போகிறது என்று பார்க்கத் தெரியாதவர் குற்றத்தைப் பற்றிப் பேச முடியாது.

"இதால என்ன பிரயோசனம்" என்று அப்பா கேட்டால் ஒரு விசயத்தைச் சொல்லுங்கள். வெள்ளாமைக்காரர் என்றபடியால் அவருக்கு நன்றாக விளங்கும். 1995இல் இலங்கையில் 1 இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் இருந்தன. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. ஒவ்வொரு மரணத்துக்கும் ஊர் ஒரு சொந்தக் கதை வைத்திருந்தது: காதல், கடன், குடி, சண்டை. 1995லும் 1998லும் மிகக் கொடிய நஞ்சான பூச்சிக்கொல்லிகள் சிலவற்றைத் தடை செய்தார்கள். 2005 ஆகும்போது அந்த 47, 24 ஆகக் குறைந்துவிட்டது. காதலும் கடனும் சண்டையும் அந்தப் பத்து வருடத்தில் பாதியாகிவிடவில்லை. தனி மனிதரின் மனதுக்குள் மட்டும் தேடியிருந்தால் இந்த வழி யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த வேலையைச் செய்தவர்களில் மருத்துவர்களே அதிகம். ஆனால் தற்கொலையைத் தனித்தனி மனதின் கதையாக மட்டும் பார்க்காமல், வீதமாகவும் போக்காகவும் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்துக்குச் சமூகவியலில் பெரிய அடித்தளம் போட்டவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டேர்கைம், 1897இல்.

இப்படி ஒரு வீட்டிலிருந்து வந்து குற்றத்தைப் படிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். உலகம் அறிந்த மானிடவியலாளர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா ஒரு தமிழர். 1956இல் இளம் விரிவுரையாளராக இருந்தபோது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கல்லோயாக் குடியேற்றங்களில் ஆய்வு செய்ய வந்திருந்தார். அந்த நேரத்தில்தான் அங்கே தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. தாய்லாந்தைப் பற்றிப் பெரிய ஆய்வுகளைச் செய்து, ஹார்வர்டில் பேராசிரியராகிப் புகழ் பெற்ற பிறகுதான் இலங்கையின் இன வன்முறையைப் பற்றி விரிவாக எழுதினார். தன்னைச் சுட்ட விசயத்துக்கு அவர் திரும்பி வந்தபோது, அதைத் தாங்கக்கூடிய அறிவும் தூரமும் அவரிடம் இருந்தன.

நீங்களும் அவசரப்பட வேண்டாம். இறுதி வருட ஆய்வுக்கு உங்கள் அண்ணாவையோ உங்கள் தெருவையோ எடுக்காதீர்கள். சில விரிவுரையாளர்கள் "உங்களுக்குத் தெரிந்த இடத்தையே எடுங்கள்" என்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது சரியான யோசனை, உங்களுக்குச் சரி இல்லை. தகவல் தருகிறவரின் பெயரை மறைக்க வேண்டும் என்பது ஆய்வின் முதல் ஒழுங்கு, உங்கள் அண்ணாவின் பெயரை உங்களால் மறைக்கவே முடியாது. தாய்மார் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் மூத்த பெண்பிள்ளைகள் செய்யும் வேலையை ஆராயலாம், அதையும் வேறொரு பிரதேசத்தில். வகுப்பில் கலந்துரையாடல் வரும்போது உங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அந்த வகுப்பில் பொலிஸ்காரரின் பிள்ளையும் இருக்கும், காணாமல் போனவரின் பிள்ளையும் இருக்கும், இன்னும் உங்களைப் போலவே வாயைத் திறக்காமல் இருக்கிற பிள்ளையும் இருக்கும். கிழக்கில் எந்த வகுப்பும் அப்படித்தான்.

இனி வேலை. அப்பாவின் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் எவ்வளவு காலம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள் என்பதை அவரும் கேள்விப்பட்டிருப்பார். அரசு பட்டதாரிகளை எடுக்கும்போது அலைபோல எடுக்கும், 2020இல் பெருந்தொகையாகப் பயிலுநர்களைச் சேர்த்ததைப்போல. பிறகு வருடக் கணக்கில் ஒன்றும் இருக்காது. நீங்கள் வெளியே வரும்போது அலை அடிக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது. பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவிகளும், நன்னடத்தைத் திணைக்களத்தில் உள்ள பதவிகளும் இந்தப் பாடத்துக்கு நெருங்கியவை. போட்டிப் பரீட்சை எழுதி நிர்வாக சேவைக்கும் போகலாம். தொண்டு நிறுவனங்களில் சுனாமிக்குப் பிறகு இருந்த அளவு வேலை இப்போது இல்லை. ஆனால் கள ஆய்வு செய்து, தரவைக் கணினியில் ஏற்றி, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒழுங்காக அறிக்கை எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடி இன்றும் அலைகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் குறைவு. முறையியலில் கவனமாக இருங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆசிரியர் வேலையும் மனதில் இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும். பாடசாலையில் உயர்தரத்துக்குச் சமூகவியல் என்று ஒரு பாடம் இல்லை. ஆகவே சமூகவியலை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு ஆசிரியர் ஆட்சேர்ப்பில் பொருந்தும் பாடவெற்றிடம் கிடைப்பது கஷ்டம். முதல் வருடத்தில் சமூகவியலோடு வேறு பாடங்களும் எடுக்க வேண்டி வரும். உங்களிடம் ஏற்கனவே புவியியலும் தமிழும் இருக்கின்றன. இரண்டையும் கைவிடாதீர்கள், குறைந்தது ஒன்றையாவது முடியும் வரை கொண்டு போங்கள். நான்கு வருடச் சிறப்புக் கற்கைக்கு முதல் வருடப் பெறுபேற்றைப் பார்த்தே எடுப்பார்கள். ஆகவே புதுமுக மாணவி என்று முதல் வருடத்தை விளையாட்டாக எடுக்க வேண்டாம். சிங்களத்தை இப்போதே படிக்கத் தொடங்குங்கள். அரச உத்தியோகத்தில் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும், அம்பாறை மாவட்டத்தில் வேலை செய்கிறவருக்கு அது பரீட்சைக்கு மட்டுமானதும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சமூகவியல் பட்டம் உங்களை உளவளத்துணையாளராக ஆக்காது. மனிதரோடு நேரடியாக இருந்து உதவுவதுதான் உங்கள் ஆசை என்றால், தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தின் சமூகப்பணிக் கற்கைகளையும் பாருங்கள். அது வேறு பயிற்சி.

மாமி சொன்னதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இடமில்லை. கல்யாணம் வேண்டாம் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை, பட்டம் முடியட்டும் என்று அம்மா வாயால் சொல்ல வையுங்கள். தொலைபேசியில் இதைப் பற்றி முதலில் அம்மாவோடுதான் பேச வேண்டும், காசு அனுப்புகிறவரின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்கும். வீட்டு உறுதியை அம்மாவின் பெயரிலோ இருவர் பெயரிலோ மாற்ற வழி உண்டா என்று அப்பா பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம், சட்ட உதவி ஆணைக்குழுவிடமும் கேட்கலாம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம், பஸ்ஸிலேயே போய்வரலாம். வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம் தூரம், விடுதி வேண்டும். இரண்டிலும் சமூகவியலைத் தமிழில் படிக்கலாம். உங்கள் நிலையில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு நான் தூரத்தையே சொல்வேன். வீட்டிலிருந்து போய்வந்தால் விடியச் சமைத்து, பின்னேரம் வந்து துவைத்து, இரவில்தான் புத்தகம் திறப்பீர்கள். முதல் வருடமே கையை விட்டுப் போய்விடும். தம்பியை யார் பார்ப்பது என்று யோசிப்பீர்கள். வீட்டில் வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். சோறும் கறியும் சமைக்கப் பழகுவது எவருக்கும் முடியாத காரியம் இல்லை. தம்பியைப் பாடசாலைக்குக் கூட்டிப் போய்வருகிற பொறுப்பை அண்ணாவிடம் கொடுங்கள். வேலை கிடைக்கும் வரை அவருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நேரத்துக்குச் செய்ய ஒரு காரியம் இருக்கும். இதை அப்பாவோடு இருந்து பேசி முடிவெடுத்த பிறகு விண்ணப்பத்தில் விருப்பு ஒழுங்கை நிரப்புங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கலைக் கற்கைக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கும். கடைசித் திகதி வரைக்கும் வைத்திருக்காமல் போடுங்கள், மகாபொல புலமைப்பரிசிலுக்கும் மறக்காமல் விண்ணப்பியுங்கள். வெட்டுப்புள்ளி கொஞ்சத்தால் தவறினால், திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்தில் சமூக விஞ்ஞானப் பட்டக் கற்கையைப் பற்றி விசாரித்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.